பியானோவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் எத்தனை வருஷம் தாங்கும்?

பூசையறையில் சூட டப்பாவை மூட மறந்தால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். நாளாக நாளாகக் கட்டி சிறுத்துக்கொண்டே வரும், கடைசியில் டப்பா மட்டும் மிஞ்சும். உருகி ஓடாது, தண்ணீராகாது. திடப்பொருள் நேராக ஆவியாகிப் போய்விடும். உலகத்தில் முதன்முதலாகப் பெரிய அளவில் விற்பனைக்கு வந்த பிளாஸ்டிக்கின் ஆயுளும் ஏறக்குறைய இதே சூட டப்பா சமாச்சாரம்தான். அந்தப் பிளாஸ்டிக் பியானோவின் மேல் ஏறியது. அதன் பின்னால் வேறு வேறு பிளாஸ்டிக்குகள் பியானோவின் உள்ளேயே போயின. சில பொடிப்பொடியாக உதிர்ந்தன, சில அரை நூற்றாண்டாக அசையாமல் இருக்கின்றன. எது எதனால் என்று தேடியதில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

செக்காலையில் உட்கார்ந்துகொண்டு பியானோவைப் பற்றி எழுத உனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்து வீதியில் ஒரு ஆச்சி வீட்டில் பியானோ இருக்கிறது. 1970களில் வாங்கிய ஜப்பான் கவாய், சுவரோடு சேர்த்து நிறுத்துகிற நேர்நிலைப் பியானோ. பல வருஷம் பட்டாலையில் ஒரு வெள்ளைத் துணி போர்த்தி நின்றது. ஒரு நாள் ஆச்சி கூப்பிட்டுவிட்டார்கள்.

"தம்பி, அப்பச்சி பினாங்குலருந்து சிதம்பரம் கப்பல்ல போட்டுக் கொண்டாந்தது. இப்ப பேத்தி வாசிக்கப் படிக்கிறேங்குது. சுருதி சேக்க வந்த ஆளு உள்ள தொறந்து பாத்துட்டு, பூரா பிளாஸ்டிக்கு, இனி ஒண்ணொண்ணா உதுந்துரும், வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுருங்கங்கிறான். நெசமா?"

வந்த விலை என்பது ஒரு நல்ல செல்போன் விலைகூட இல்லை. (சிதம்பரம் கப்பல் என்றால் எம்.வி. சிதம்பரம். 1970களில் சென்னைக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் ஓடியது. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் அரை மணி நேரக் கதை உண்டு.) செட்டிநாட்டில் இது புது அனுபவமும் இல்லை. "உள்ள கறையான் புடிச்சிருக்கு ஆச்சி" என்று சொல்லிச் சொல்லியே பர்மாத் தேக்குத் தூண்களை விறகு விலைக்குத் தூக்கிப்போன கதை எத்தனையோ வீட்டில் இருக்கிறது. அதனால் 'பிளாஸ்டிக், உதிர்ந்துவிடும்' என்ற ஒற்றை வரியை அப்படியே நம்ப எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்த ஆள் சொன்னது சுத்தப் பொய்யும் இல்லை. பிளாஸ்டிக் உதிர்ந்த பியானோக்கள் நிஜமாகவே உண்டு.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். வெளியே தெரிகிற வெள்ளைக்கட்டை, கருப்புக்கட்டை எல்லாம் சேர்த்து 88. கட்டையை அமுக்கினால் அதன் பின்முனை மேலே எழுந்து, ஒரு நெம்புகோல், அதன் மேல் இன்னொரு நெம்புகோல் என்று தள்ளி, கடைசியில் கம்பளி ஃபெல்ட் சுற்றிய சுத்தியல் ஒன்று போய்க் கம்பியைத் தட்டிவிட்டுத் திரும்பும். இந்த நெம்புகோல் கூட்டத்துக்குத்தான் 'ஆக்‌ஷன்' என்று பெயர். நேர்நிலைப் பியானோவில் ஒரு கட்டைக்கு மூன்று அல்லது நான்கு கீல்கள். மொத்தம் முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொரு கீலிலும் ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு உலோக ஊசி. ஊசி சுழல்வதற்குத் துளையின் உள்ளே மெல்லிய கம்பளித் துணி ஒட்டியிருக்கும். மெக்கானிக் பாஷையில் சொன்னால் அதுதான் புஷ். இருநூறு வருஷமாக இந்த நெம்புகோல்களைச் செய்தது மேப்பிள், ஹார்ன்பீம் போன்ற கெட்டி மரங்களில்.

மரம், கம்பளி, தோல், ஒட்டுப் பசை. நான்குமே குளிர்நாட்டில் பிறந்து வளர்ந்தவை. நம் ஊர் ஐப்பசி மழையில் கம்பளி ஊறி ஊசியை இறுக்கும், கட்டை அமுங்கினால் எழுந்து வரத் தயங்கும். சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும். அந்துப்பூச்சிக்குக் கம்பளி விருந்து. எலிக்கு ஃபெல்ட் மெத்தை. மெட்ராஸில் 1842இலேயே மிஸ்குவித் என்ற பெயரில் பியானோக் கடை வந்துவிட்டது (இன்றைய மியூசி மியூசிக்கல் அதன் வாரிசு). அந்தக் காலத்திலிருந்தே வெள்ளைக்காரர்களுக்கு இது தலைவலி. ஆங்கிலேயக் கம்பெனிகள் நம் மாதிரி நாடுகளுக்கு என்று பசையை மட்டும் நம்பாமல் இணைப்புகளில் திருகாணியும் போட்டுத் தனி மாடல்களே செய்து அனுப்பின. 'மரம்தான் நிரந்தரம், பிளாஸ்டிக்தான் கோளாறு' என்பது சரியான கணக்கு இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, சூடத்துக்கு வருவோம்.

பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் ஊற வைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். நைட்ரஜன் ஏற்றம் அதிகமானால் அது வெடிமருந்து. கொஞ்சம் குறைவாக வைத்து, அதோடு சூடத்தைச் சேர்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் பிசைந்தால் தந்தம் மாதிரி வழவழப்பான ஒரு பொருள் வரும். அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹையட் 1870இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பில்லியர்ட்ஸ் பந்துக்குத் தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு என்று ஒரு கம்பெனி அறிவித்திருந்ததுதான் அவரை இதில் இறக்கியது. செல்லுலாய்டு என்று பெயர் வைத்தார்கள். பந்துக்குச் சரிப்பட்டதோ இல்லையோ, சீப்புக்கும் பொம்மைக்கும் பியானோக் கட்டையின் மேல்தகட்டுக்கும் பிரமாதமாகச் சரிப்பட்டது. அதுவரை வெள்ளைக்கட்டை என்றால் மேலே ஒட்டியது யானைத் தந்தம்.

சூடம் அதில் வாசனைக்காகச் சேர்த்ததல்ல. நைட்ரோசெல்லுலோஸ் தனியாக இருந்தால் விறைப்பாக, நொறுங்குகிற மாதிரி இருக்கும். சூடம் இடையில் புகுந்துதான் அதை வளைய வைக்கிறது. கிட்டத்தட்டக் கால் பங்கு சூடமே. அந்தச் சூடத்துக்காகவே தைவான் காடுகள் மேல் ஜப்பான் கண் வைத்து, 1899இல் அங்கே கற்பூர வியாபாரத்தை அரசாங்க ஏகபோகமாக்கியது. போருக்கு முன்னால் ஜப்பான் செல்லுலாய்டு பொம்மைகள் உலகம் பூராவும் போனதற்கு இந்தச் சூடக் கையிருப்பும் ஒரு காரணம். (இன்று நாம் கொளுத்துகிற சூடம் பெரும்பாலும் பைன் மர டர்ப்பன்டைனிலிருந்து வருகிறது. அது வேறு கதை.)

இப்போது டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுலாய்டுக்கு உள்ளே இருக்கிற சூடமும் வருஷக்கணக்கில் மெதுவாகப் பறந்துகொண்டே இருக்கிறது. சூடம் போகப் போகப் பொருள் சுருங்கும், விறைக்கும், விரிசல் விடும். அது போதாதென்று நைட்ரோசெல்லுலோஸ் தானும் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடும். ஈரம் பட்டால் அது அமிலம். அமிலம் மேலும் சிதைவை வேகப்படுத்தும். சூடும் ஈரமும் கூடுதலாக இருந்தால் இன்னும் சீக்கிரம். நம் ஊரில் இரண்டும் உண்டு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மங்குச் சாமான், பீங்கான், கடிகாரம், ரவிவர்மா படம் எல்லாம் பார்க்கலாம். அங்கே ஒரே அலமாரியில் ஒரு செல்லுலாய்டு பொம்மையும் பழைய கருப்பு வட்ட சுவிட்சு ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தேன். பொம்மையின் கால் முட்டை ஓடு மாதிரி உடைந்திருந்தது. சுவிட்சு 'டக்' என்று விழுந்தது, நேற்று வாங்கியது போல. சுவிட்சு பேக்கலைட். லியோ பேக்லாண்ட் 1907இல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துச் செய்தது. ஒரு தடவை இறுகிவிட்டால் பிறகு உருகாது, பறந்துபோக அதில் சூடம் மாதிரி எதுவும் இல்லை. இரண்டையும் நாம் பிளாஸ்டிக் என்றுதான் சொல்கிறோம். தேக்கும் மரம்தான், முருங்கையும் மரம்தான். முருங்கைக் கிளையில் ஏறி விழுந்தவன் தேக்கு உத்தரத்தைப் பார்த்துப் பயந்தால் எப்படி?

செல்லுலாய்டின் இன்னொரு உருவம் காரைக்குடிக்கு ரொம்பவே சொந்தம். 1940களில் ஏ.வி. மெய்யப்பன் இங்கே தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஸ்டூடியோ போட்டு நடத்தினார். 1947இல் வெளியான 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். அந்தக் காலத்து 35 மி.மீ. பிலிம் இதே நைட்ரோசெல்லுலோஸும் சூடமும் கலந்த சரக்கு. தீப்பிடித்தால் அணைக்க முடியாது, தீப்பிடிக்காவிட்டால் தானே மக்கிப் பசையாகும். 2003 ஜனவரியில் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் பிலிம் கிட்டங்கி எரிந்ததில் இந்திய சினிமாவின் ஆரம்பகாலப் படங்கள் பல போயின.

நைட்ரேட் ஆபத்து என்று 1948இல் கோடாக் 'பாதுகாப்பு பிலிம்' கொண்டு வந்தது. செல்லுலோஸ் அசிடேட் வகை, எளிதில் தீப்பிடிக்காது. இது நிரந்தரம் என்று நம்பினார்கள். பத்து வருஷம் முடிவதற்குள் கோடாக்குக்கு முதல் புகார் போனது. பிலிம் சுருங்குகிறது, வினிகர் வாடை அடிக்கிறது என்று. புகார் அனுப்பியது யார் தெரியுமா? இந்திய அரசாங்கம். வெக்கையிலும் ஈரத்திலும் வைத்திருந்த பிலிம். குளிர்நாட்டுக் கிட்டங்கிகளில் வைத்திருந்த பிலிம்களில் அதே வாடை வெகுநாள் கழித்துத்தான் கிளம்பியது. எனக்கு இந்தத் தேடலில் கிடைத்த தகவல்களிலேயே பெரியது இதுதான். ஒரு பிளாஸ்டிக் எத்தனை வருஷம் தாங்கும் என்று அதைச் செய்த ஊரில் சொல்கிற கணக்கு நம் வீட்டுக்குப் பொருந்த வேண்டும் என்று அவசியம் இல்லை. பரீட்சை முதலில் இங்கேதான் நடக்கிறது.

கட்டையின் மேல்தகடு விரிசல் விட்டால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். பியானோ வாசிக்கும். ஆக்‌ஷனுக்குள்ளேயே பிளாஸ்டிக் போனபோதுதான் விவகாரம் பெரிதானது.

1930களின் நடுவில் அமெரிக்காவில் பியானோ வியாபாரம் படுத்திருந்தது. வீட்டுக்கு வீடு ரேடியோ வந்துவிட்டது, கையில் காசும் இல்லை. சின்ன வீட்டில் அடங்குகிற மாதிரி இடுப்பு உயரத்துக்குக் குள்ளமான 'ஸ்பினெட்' பியானோவைக் கொண்டு வந்தார்கள். குள்ளமாக்க வேண்டுமென்றால் ஆக்‌ஷனைக் கட்டைகளுக்குக் கீழே இறக்க வேண்டும். அப்படி இறக்கினால், கட்டையின் முனையிலிருந்து ஒரு கம்பி கீழே போய் நெம்புகோலைத் தூக்கியாக வேண்டும். கம்பியும் நெம்புகோலும் சேருகிற இடத்தில் ஒரு சின்ன மூட்டு. பெயர் எல்போ. நம் பிளம்பர் சொல்கிற அதே எல்போ. கட்டைக்கு ஒன்று, ஆக 88.

முதலில் எல்போக்களை மரத்தில்தான் செய்தார்கள். 1940களின் கடைசியில், போர் முடிந்து பிளாஸ்டிக் எங்கும் புழங்க ஆரம்பித்த நேரத்தில், பல கம்பெனிகள் பிளாஸ்டிக்குக்கு மாறின. மலிவு, எல்லாம் ஒரே அளவு, செதுக்கும் வேலை மிச்சம். சில ஆக்‌ஷன்களில் எல்போ மட்டுமல்ல, கீல்களும் பிளாஸ்டிக். சில பத்தாண்டுகளில் அந்தப் பிளாஸ்டிக் காய்ந்து, பழைய பிஸ்கட் மாதிரி விரலால் நசுக்கினாலே பொடியானது. ஒரு எல்போ போனால் அந்தக் கட்டை செத்துவிட்டது, அமுக்கினால் சத்தமே வராது. ஒன்றை மாற்றிவிட்டு நிமிர்ந்தால் பக்கத்தில் இருப்பது உடையும், ஏனென்றால் எல்லாம் ஒரே நாளில் வார்த்தவை. ஒன்று போனால் 88ஐயும் மாற்று என்பது அமெரிக்க ரிப்பேர்காரர்கள் இடையே எழுதாத சட்டம். மாற்றுவதற்கு வந்த புது எல்போவும் பிளாஸ்டிக்தான் என்பது வேடிக்கை. ஆனால் வேறு பிளாஸ்டிக், அது நிற்கிறது. அதே காலத்து மர எல்போ போட்ட ஸ்பினெட்டுகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

'பியானோவில் பிளாஸ்டிக்கா, ஐயையோ' என்ற பேச்சு இங்கிருந்து கிளம்பியது. அதற்கு நியாயம் உண்டு. ஆச்சி வீட்டுக்கு வந்த ஆள் காதில் விழுந்ததும் இதன் எதிரொலியாகத்தான் இருக்கும்.

அடுத்த அடி ஸ்டைன்வேயிடமிருந்து வந்தது. 1962இல் நியூயார்க் ஸ்டைன்வே கீல்களில் கம்பளித் துணியை எடுத்துவிட்டு டெஃப்லான் புஷ் போட ஆரம்பித்தது. நம் தோசைக்கல்லில் பூசியிருக்கிற அதே டெஃப்லான். வழுக்கும், தண்ணீர் குடிக்காது, பூச்சி தின்னாது. நினைத்துப் பார்த்தால் நம் ஊருக்கென்றே கண்டுபிடித்த மாதிரி. நடந்தது வேறு. டெஃப்லான் அசையவில்லை, அதைச் சுற்றியிருந்த மரம் அசைந்தது. ஈரத்துக்கு மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கம்பளி இருந்தவரை நடுவில் ஒரு மெத்தை மாதிரி இருந்து இரண்டையும் சமாளித்தது. டெஃப்லானுக்கு அந்த இளக்கம் கிடையாது. பருவத்துக்குப் பருவம் சில கீல் இறுகியது, சில தளர்ந்து 'கிளிக் கிளிக்' என்று தட்டியது. இருபது வருஷம் முட்டி மோதிவிட்டு 1980களின் ஆரம்பத்தில் கம்பளிக்கே திரும்பிவிட்டார்கள். கவனியுங்கள், இதில் டெஃப்லான் கெட்டுப்போகவே இல்லை. மாமியாரும் மருமகளும் தனித்தனியாக நல்லவர்கள்தான், ஒரே வீட்டில் வைத்ததுதான் தப்பு.

அயர்லாந்தில் ஷானனில் 1960களில் செய்த லிண்ட்னர் பியானோ இன்னொரு வகைப் பாடம். எடை குறைய வேண்டும் என்று கட்டைகளையே உலோகமும் பிளாஸ்டிக்குமாகச் செய்தார்கள். கட்டையைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் கொக்கிகள் உடைந்தன. அதற்குள் கம்பெனியும் மூடிவிட்டது. வேறு எந்தப் பியானோவின் உதிரியும் அதற்குப் பொருந்தாது. ரிப்பேர்காரர்கள் பெயரைக் கேட்டாலே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

கவாய் இதற்கெல்லாம் பிறகு, தெரிந்தே இறங்கியது. 1927இல் ஹமாமட்சுவில் கொய்ச்சி கவாய் ஆரம்பித்த கம்பெனி. ஜப்பானிலும் மழைக்கால ஈரம் நம்மைப்போலத்தான் படுத்தும். 1970களின் தொடக்கத்தில் ஆக்‌ஷனின் சில பாகங்களை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் செய்ய ஆரம்பித்தார்கள். போட்டிக் கடைக்காரர்களுக்கு இது அல்வா. 'அவங்களோடது பிளாஸ்டிக், எங்களோடது மரம்' என்று சொல்லிச் சொல்லியே பியானோ விற்றார்கள். கவாய் பின்வாங்கவில்லை. பிற்பாடு கார்பன் இழை கலந்த ஏ.பி.எஸ். வரைக்கும் போயிருக்கிறது. அவர்கள் விளம்பரத்தில் சொல்கிற பல மடங்குக் கணக்குகளை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை, விற்கிறவன் கணக்கு விற்கிறவனோடு இருக்கட்டும். பொருளின் குணத்தை மட்டும் பார்ப்போம்.

ஏ.பி.எஸ். என்பது அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் என்ற மூன்றின் கூட்டு. ஹெல்மெட், சூட்கேஸ், பழைய டெலிபோன் எல்லாம் இதுதான். லெகோ கட்டைகளும் இதுதான். லெகோவை முதலில் பிலிமின் உறவுக்காரனான செல்லுலோஸ் அசிடேட்டில் செய்தார்கள். கோணிப்போகிறது, நிறம் மங்குகிறது என்று 1963இல் ஏ.பி.எஸ்ஸுக்கு மாறினார்கள். அறுபது வருஷத்துக்கு முந்தைய ஏ.பி.எஸ். லெகோ கட்டை இன்றைய கட்டையோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. அளவு மாறவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஏன் என்றால், ஏ.பி.எஸ்ஸை வளைய வைப்பது சூடம் மாதிரி இடையில் செருகிய சரக்கு அல்ல. ரப்பர் போன்ற பியூட்டடையீன் அந்தச் சங்கிலியோடேயே வேதியியல் முறையில் பிணைந்திருக்கிறது, பறந்துபோக வழியில்லை. தண்ணீரும் மிகக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். அதன் பலவீனமும் அதே பியூட்டடையீன்தான். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, மஞ்சளாகி, நொறுங்கும். மொட்டை மாடியில் போட்டு வைத்த ஹெல்மெட்டைப் பார்த்தால் தெரியும். ஆனால் பியானோவின் வயிற்றுக்குள் வெயில் எங்கே வருகிறது? மூடி வைத்த மரப்பெட்டி, அதுவும் செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலையில், கனமான சுவருக்குள்ளே. அந்த இருட்டு ஏ.பி.எஸ்ஸுக்கு ஆயுசு. 1970களின் கவாய்களுக்கு இப்போது ஐம்பது வயது. ஸ்பினெட் எல்போ மாதிரி மொத்தமாக உதிர்ந்த கதை இவற்றுக்கு இல்லை.

இவ்வளவும் படித்த பிறகு ஆச்சி வீட்டில் மதுரையிலிருந்து வேறு ஒரு ரிப்பேர்காரரை வரவழைத்தோம். வயசானவர், அவசரப்படாதவர். முன்பலகையைக் கழற்றினார், நான் டார்ச் பிடித்தேன். பிளாஸ்டிக் பாகங்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தார். விரிசல் ஒன்றுகூட இல்லை. "பிளாஸ்டிக்குக்கு ஒண்ணுமில்ல சார், கம்பளிதான் போச்சு" என்றார். சுத்தியல் ஃபெல்ட்டில் அந்துப்பூச்சி ஓட்டை. கீழே எலி குடும்பம் நடத்திய அடையாளம். ஊசிகளில் துரு. கட்டைகள் தயங்கியதற்குக் காரணம், கட்டைக்கு அடியில் இருக்கிற வழிகாட்டி ஊசியைச் சுற்றிய துணி ஊறி இறுகியிருந்தது. கவாயும் கீலுக்குள்ளே புஷ்ஷாகக் கம்பளித் துணியைத்தான் வைக்கிறது, நெம்புகோல்தான் பிளாஸ்டிக். ஆக, வந்த நோய் எல்லாம் பழைய நோய்தான். செலவுக்கு ஒரு தொகை சொன்னார், ஆச்சி யோசிக்காமல் சரி என்றார்கள்.

(இதே மாதிரி ஒன்று யமஹாவிலும் உண்டு. பழைய யமஹா நேர்நிலைப் பியானோக்கள் பலவற்றில் சுத்தியலின் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிற மெல்லிய கயிற்று வளையம் இற்றுப் போகிறது. மரம் நன்றாக இருக்கும், ஸ்பிரிங் நன்றாக இருக்கும், நடுவில் உள்ள நூல்தான் போகும்.)

துரு என்றதும் ஒன்று நினைவு வருகிறது. செக்காலையிலிருந்து கொஞ்ச தூரத்தில், அழகப்ப செட்டியார் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்ச ரூபாயிலும் எழுந்த மத்திய மின் வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது. உலோகம் எப்படி அரிக்கிறது என்பதை ஆராய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. பழைய பியானோக்களில் கீல் ஊசியில் பச்சைக் களிம்பு பிடித்து ஆக்‌ஷனே உறைந்துபோவது உலகம் முழுக்க உள்ள தொல்லை. கம்பளிக்கு மசகாகத் தடவிய கொழுப்பும் ஊசியில் உள்ள செம்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. குத்துவிளக்கில் எண்ணெய் தங்கிய இடத்தில் பிடிக்கிற அதே பச்சை.

பிளாஸ்டிக் பக்கம் எனக்கு இருக்கிற நிஜமான கவலை ஆயுள் அல்ல, ரிப்பேர். மர நெம்புகோல் ஒன்று உடைந்தால் நம் ஊர் ஆசாரி ஒருவர் உட்கார்ந்து, உடைந்ததைப் பார்த்து அச்சாக இன்னொன்று செதுக்கித் தருவார். இரண்டாக விண்டிருந்தால் பசை போட்டுக் கட்டி வைத்தால் போதும். ஏ.பி.எஸ்ஸில் மரப்பசை ஒட்டாது. உதிரி ஜப்பானிலிருந்து வர வேண்டும், ஐம்பது வருஷ மாடலுக்கு வருமா என்று கேட்டுத்தான் பார்க்க வேண்டும். லிண்ட்னருக்கு நடந்தது கவாய்க்கு நடக்கவில்லை என்றால், அது பிளாஸ்டிக்கின் தரத்தால் மட்டுமல்ல, கம்பெனி இன்னும் உயிரோடு இருப்பதாலும்தான்.

அப்படியொரு பியானோ உங்கள் வீட்டிலும் இருந்தால் சில விஷயங்கள். கட்டை இறுகுகிறது என்று துரு நீக்கும் ஸ்ப்ரேயையோ தின்னரையோ உள்ளே அடித்துவிடாதீர்கள். ஏ.பி.எஸ். கரைப்பானுக்கு இளகும், சில எண்ணெய்கள் பட்டாலும் இறுக்கம் உள்ள இடத்தில் விரிசல் விடும். கொசு மருந்து அடிக்கும்போதும் மூடியை மூடிக்கொள்ளுங்கள். அந்துப்பூச்சிக்குப் பூச்சி உருண்டையை உள்ளே போடுகிற வழக்கமும் வேண்டாம், ஸ்டைரீன் கலந்த பிளாஸ்டிக்குக்கு அந்த ஆவி ஆகாது. ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடத்தில் மூடியைத் திறந்து வைக்க வேண்டாம். கட்டையின் மேல்தகடு செல்லுலாய்டா என்று சந்தேகம் இருந்தால் விரலால் சூடு பறக்கத் தேய்த்து மோந்து பாருங்கள், சூட வாசனை வரும். அப்படி வந்தால் குத்துவிளக்கையும் ஊதுபத்தியையும் அதன் மேல் வைக்காதீர்கள், சட்டென்று பற்றிக்கொள்ளும்.

உடைந்த பாகத்தை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் போட்டு எடுத்துக்கொள்ளலாமே என்று எஞ்சினியரிங் படிக்கிற ஒரு பையன் கேட்டான். நல்ல யோசனைதான். ஆனால் கடைகளில் சாதாரணமாக அச்சடித்துத் தருவது பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில். அது 60 டிகிரிக்கே இளகும், அதற்குக் கீழே உள்ள சூட்டிலும் தொடர்ந்து பாரம் தாங்கினால் மெதுவாகக் கோணும். காரைக்குடி மே மாதத்தில், ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கிற நெம்புகோலுக்கு அது வேண்டாம். ஏ.பி.எஸ்ஸிலோ நைலானிலோ அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆச்சி வீட்டில் நல்லபடியாக இருக்கிற ஒரு பாகத்தைக் கழற்றி அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறான். நாலு பாகம் அச்சடித்து, ஒன்றைப் பட்டாலையிலும் ஒன்றை மொட்டை மாடி வெயிலிலும் வைத்து, ஐப்பசி தாண்டி மறுபடி அளந்து பார்ப்பதாகத் திட்டம்.